அஞ்சலிக்குக் கீழே உள்ள பெயர்கள்

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துப் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கமோ ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேலே மறைந்த தலைவரின் படம். ஓரத்தில் குத்துவிளக்கு, மூலையில் கட்சிக்கொடி. கீழே மாவட்டம், ஒன்றியம், நகரம், வார்டு என்று பொறுப்பு வாரியாகப் பெயர்கள். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் பல வண்ண அச்சுக்கு இங்கே என்றைக்கும் பஞ்சமில்லை. இறந்த மறுநாள் வரும் சுவரொட்டியில் தலைவர் முக்கால் பங்கு இடத்தை அடைத்திருப்பார். முதலாண்டு நினைவு நாளில் பாதியாவார். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்த்தால் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கி மேல்மூலைக்குப் போயிருப்பார். கைகூப்பி நிற்கும் ஒன்றியச் செயலாளர் ஆளுயரத்துக்கு வளர்ந்திருப்பார். சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தலைவரின் சாவு எப்படிப் பொதுக்கதையாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

சொற்களையும் கவனிக்க வேண்டும். தலைவர்களுக்கு 'இறந்தார்' என்று யாரும் அச்சடிப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள் 'காலமானார்' என்பார்கள், பக்தர்கள் 'அமரரானார்' என்பார்கள். பகுத்தறிவாளர்கள் 'இயற்கை எய்தினார்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பொதுவுடைமைக் கட்சியார் போடுவது செவ்வணக்கம், வேறு சிலர் போடுவது வீரவணக்கம். ஒருவருக்கு நினைவு நாள், இன்னொருவருக்குக் குருபூஜை. எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவாகும்போதே போனவர் தியாகியா, ஞானியா, தோழரா என்பதும் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்கிறவர் இருப்பவர்களில் ஒருவர். ஒரு தலைவரின் சாவு என்ன பொருள் பெறும் என்பதை அவர் வாழ்ந்த வாழ்க்கை தீர்மானிப்பதைவிட, அவருக்குப் பின் இருப்பவர்களின் தேவையே அதிகம் தீர்மானிக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கும் இந்த இரண்டு ஊர்களும் அவற்றின் சுற்றுவட்டாரமும் நல்ல இடம். சாவுக் கதைகளில் எத்தனை வகை உண்டோ கிட்டத்தட்ட அத்தனையும் இந்தப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்திருக்கின்றன.

முதலில் விருதுநகர். 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். கதர் கட்டிய பழைய காங்கிரஸ்காரர். 76 நாள் நீண்டது அந்த நோன்பு. அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு உயிர் விட்டவர் என்றே பள்ளிப் பிள்ளைகள் அவரை அறிவார்கள். தவறில்லை. ஆனால் அவர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அரசுப் பணியில் இருப்பவர்கள் கதர் உடுத்த வேண்டும், ரயிலில் எல்லோரும் ஒரே வகுப்பில் போக வேண்டும், நாடெங்கும் மதுவிலக்கு வேண்டும் என்பவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. பன்னிரண்டில் ஒன்று மட்டும் கரையேறியதற்குக் காரணம், அந்த ஒன்றுக்குத்தான் ஓர் இயக்கம் காத்திருந்தது. ரயில் வகுப்புக்காகவும் கதருக்காகவும் மேடை போட ஆளில்லை. அன்றைய முதலமைச்சர் காமராஜர் அதே விருதுநகர்க்காரர் என்பதால், காங்கிரஸ் தன் தொண்டரின் சாவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலையில் நின்றது. தன் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கும்படி சங்கரலிங்கனாரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடல் அவர்களுக்குப் போனது, கதை தி.மு.க.வுக்குப் போனது. 1967 ஜூலை 18 அன்று அண்ணாவின் அரசு பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சரியாக இருபது நாள் கழித்து அண்ணாவும் மறைந்தார்.

இதற்கு நேர் எதிரானது ராஜபாளையத்துக் கதை. கதையே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. பூ. ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். குடியரசு பிறந்தபோது அதே நாற்காலியில் முதலமைச்சரானார். வகுப்புவாரி அரசாணை வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் 1951-ல் தோற்றது அவர் தலைமையிலான அரசுதான். அந்தத் தோல்வியிலிருந்துதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் இன்றைய இடஒதுக்கீட்டுக்கான சட்ட அடித்தளமும் வந்தன. 1952 தேர்தலில் தன் சொந்த வட்டாரத்திலேயே தோற்றார். பிறகு ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். ராஜபாளையத்தில் தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1957 மார்ச்சில் காலமானார். பொதுக்கதை கட்ட இதைவிட நல்ல சரக்கு வேறென்ன வேண்டும்? சமூகநீதிக் கட்சிகள் எடுத்திருக்கலாம், காந்தியவாதிகள் எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. அவருடைய சாவைச் சொந்தம் கொண்டாடி எந்தக் கட்சிக்கும் எதுவும் ஆக வேண்டியிருக்கவில்லை. மறதி இதில் ஓரவஞ்சனை பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டதும் அவர் ஆட்சிக் காலத்தில்தான். கதை கட்ட ஆளில்லாதபோது நற்பெயரோடு பழியும் சேர்ந்தே மங்கிவிடுகிறது.

குமாரசாமி ராஜா மறைந்த அதே தேர்தல் பருவத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியவர் முத்துராமலிங்கத் தேவர். அவர் வழியாகச் சாவுக் கதையின் இன்னொரு வகை இந்தத் தொகுதிக்கு அறிமுகமானது. சாவை மறுப்பதும் ஒரு கதைதான். சுபாஷ் சந்திரபோஸ் 1945 ஆகஸ்ட் 18 அன்று தைபே விமான விபத்தில் இறந்தார் என்பது அரசின் கூற்று. போஸ் உயிரோடு இருக்கிறார் என்று மேடை மேடையாகச் சொன்னவர் தேவர். 1956-ல் ஷா நவாஸ் குழு அவரை விசாரணைக்கு அழைத்தபோது, போஸின் பெயர் போர்க்குற்றவாளிகள் பட்டியலில் இருக்கிறதா என்பதை அரசு முதலில் சொல்லட்டும் என்று எதிர்க்கேள்வி போட்டார். அதன் பிறகு கோஸ்லா ஆணையம் வந்தது, முகர்ஜி ஆணையமும் வந்தது. விபத்தில் போஸ் இறக்கவில்லை என்று முகர்ஜி ஆணையம் சொல்ல, மத்திய அரசு அந்த அறிக்கையை ஏற்க மறுத்தது. எது உண்மை என்பது இங்கே நம் வழக்கல்ல. நேருவின் காங்கிரஸை எதிர்த்து நின்ற பார்வர்டு பிளாக் தொண்டனுக்கு, தன் தலைவன் எங்கோ இருக்கிறான், வருவான் என்ற நம்பிக்கை தேர்தல் அறிக்கையைவிடப் பெரிய பலமாக இருந்தது. இறந்த தலைவனுக்கு வாரிசு வேண்டும். இறக்காத தலைவனுக்கு ஒரு தூதன் இருந்தால் போதும்.

தேவர் 1963 அக்டோபர் 30 அன்று, தான் பிறந்த தேதியிலேயே மறைந்தார். ஜெயந்தியும் குருபூஜையும் ஒரே நாளாயின. தேதிப் பொருத்தங்களைக் கதைகள் விடுவதே இல்லை: காமராஜர் காந்தி பிறந்த நாளில் போனார், எம்.ஜி.ஆர். பெரியார் மறைந்த அதே டிசம்பர் 24-ல் போனார். தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் பசும்பொன்னுக்குப் போகும் வண்டிகளுக்குக் காவல்துறை வழித்தடம் குறித்துக் கொடுக்கிறது. முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், டெல்லித் தலைவர்கள் என்று வரிசையில் நிற்கிறார்கள். உயிரோடு இருந்தபோது தேவரின் அரசியலை எதிர்த்த கட்சிகளும் அந்த வரிசையில் உண்டு.

வலுவான மறுப்பு ஒன்று இங்கே எழும். சாவுக் கதை என்பது மேலிருந்து கட்சிகள் கட்டுவதுதானா? சாமானியர்கள் தாமாகக் கட்டியெழுப்பிய நினைவுகள் இல்லையா? இருக்கின்றன. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனின் நினைவு அப்படிப்பட்டது. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசிய காங்கிரஸ்காரர், முப்பத்திரண்டு வயது. முதல் நாள்தான் அமைதிக் கூட்டம் நடந்திருந்தது. அந்தக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவரை நீதிமன்றம் விடுவித்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் எந்தக் கட்சியும் செப்டம்பர் 11-ஐ நாட்காட்டியில் வட்டமிடவில்லை. மக்களே பரமக்குடிக்கு நடந்தார்கள், அவர்களே பூ வைத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தேர்தல் வெற்றி அல்ல. எங்களுக்கும் ஒரு தலைவன் இருந்தான், அவனைக் கொன்றார்கள் என்று உரக்கச் சொல்லும் உரிமை. ஆகவே என் வாதத்தில் ஒரு திருத்தம்: தேவை என்பது பதவித் தேவையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, மானமும் ஒரு தேவைதான். அந்தக் கூட்டம் பெருகியதைப் பார்த்த பிறகே 2010-ல் அஞ்சல்தலை வந்தது, கட்சிகள் மாலையோடு வந்தன. 2011-ல் அதே நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. கீழிருந்து எழும் நினைவை அரசு முதலில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கிறது, பிறகு அரசு விழாவாக்குகிறது.

காமராஜர் விஷயத்தில் சண்டை வேறு மாதிரியானது. அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2. நெருக்கடி நிலை வந்து நூறே நாள். இந்திராவைப் பிரிந்து நின்ற ஸ்தாபன காங்கிரஸின் தலைவர் அவர். கைதுகளைக் கண்டு மனமுடைந்து போனார் என்பது ஒரு கதை. நாடு போகும் போக்கைப் பார்த்து இரண்டு காங்கிரஸும் இணைய வேண்டும் என்று கடைசியில் நினைத்தார் என்பது இன்னொரு கதை. மறுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதால் இரண்டும் பிழைத்தன. சில மாதங்களில் மூப்பனார் முதலானோர் இந்திரா காங்கிரஸில் இணைந்தார்கள், பா. ராமச்சந்திரன் முதலானோர் எதிர்ப்பக்கமே நின்று, பின்னர் ஜனதாவில் சேர்ந்தார்கள். இரு தரப்பும் போனது காமராஜர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான். 1976-ல் இந்திரா அரசு பாரத ரத்னா கொடுத்தது. 1967-ல் விருதுநகரில் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் அவரைத் தோற்கடித்த தி.மு.க.தான் பின்னாளில் அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாக்கியது. அவர் விட்டுச் சென்ற சொத்து என்று மேடைகளில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள்: சில சட்டைகள், வேட்டிகள், இரண்டு ஜோடிச் செருப்பு, நூற்றுச் சொச்சம் ரூபாய். இந்தப் பட்டியலை வாசிக்காத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. வாசித்துவிட்டு அவர்கள் எந்த வண்டியில் ஏறிப் போகிறார்கள் என்பதை யாரும் பட்டியல் எடுப்பதில்லை.

உடலும் இடமும் தனிக் கணக்கு. லெனின் 1924-ல் இறந்தபோது அவர் மனைவி குரூப்ஸ்கயா, நினைவுச் சின்னங்கள் எழுப்ப வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதிக் கேட்டுக்கொண்டார். கேட்பாரில்லை, உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். உடலருகே நிற்பவரே வாரிசு என்பது மாஸ்கோவுக்குத் தெரிந்ததுபோல் சென்னைக்கும் தெரியும். 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆரின் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்ற ஜெயலலிதாவை இறுதி ஊர்வல வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்ட காட்சிதான் அவருக்கு முதலீடானது. 2018 ஆகஸ்ட் 7 இரவு கருணாநிதிக்கு மெரினாவில் இடம் இல்லை, கிண்டியில் தருகிறோம் என்று அரசு சொல்ல, விடிய விடிய வழக்கு நடந்து மறுநாள் காலை மெரினா கிடைத்தது. ஆறடி நிலத்துக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்கள் உண்டு. அண்ணாவுக்குப் பக்கத்தில் என்பது நில அளவையாளர் கணக்கில் வரும் தூரமல்ல.

அப்படியானால் சாவை வைத்து எதையும் சாதித்துவிடலாமா? அனுதாப அலை அடித்தால் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்களா? நம் அரசியல் பேச்சில் இந்த அலை அளவுக்கு மிஞ்சிய மதிப்புப் பெற்றுவிட்டது. எம்.ஜி.ஆருக்காக அழுததுபோல் தமிழ்நாடு அதிகம் பேருக்கு அழுததில்லை. ஆனால் 1989 ஜனவரியில் அந்தக் கண்ணீர் ஜெயலலிதாவின் சேவலுக்கும் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் இரட்டைப் புறாவுக்குமாகப் பிரிந்தது. ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாளே தோற்றார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. துக்கம் இருந்தது, அதை வாங்கி வைக்க ஒரே பாத்திரம் இல்லை. 1991 இதற்கு மறுபக்கம். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதத் தேர்தலில் அ.தி.மு.க. காங்கிரஸ் கூட்டணி 234-ல் 225 இடங்களையும், மக்களவைத் தொகுதிகள் 39-ஐயும் அள்ளியது, தி.மு.க.வுக்கு மிஞ்சியது இரண்டு. அலைதானே என்பீர்கள். ஆனால் விடுதலைப் புலிகளைக் காரணம் காட்டி, சட்டம் ஒழுங்கு கெட்டது என்று சொல்லி, தி.மு.க. ஆட்சியை ஜனவரி கடைசியிலேயே கலைத்திருந்தார்கள். குற்றப்பத்திரிகை நாலு மாதம் முன்பே தயார். குண்டுவெடிப்பு அதன் அடியில் முத்திரை குத்தியது.

அந்தப் பேரலையிலும் நனையாத சில தொகுதிகளில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். சுயேச்சையாக நின்ற தாமரைக்கனியை அது சட்டமன்றத்துக்கு அனுப்பியது. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அந்தத் தொகுதியில் ஊறியவர், ஊருக்குத் தெரிந்த முகம். ராஜீவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வருந்தவில்லை என்று இதற்குப் பொருளில்லை. வருத்தம் ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க அந்த வாக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைவர்களின் சாவுக்கு மக்கள் அழுவதைக் கேலியாக எழுதும் நகரத்துப் பேனாக்கள் இந்தத் தேர்தல் முடிவை ஒருமுறை பார்க்கலாம். அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு வந்த மக்கள் கடலை எந்தக் கட்சியும் லாரியில் ஏற்றி வரவில்லை. அழுகை உண்மை. அழுகையை வைத்து இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று சொல்கிறவரின் கணக்குத்தான் சந்தேகத்துக்குரியது.

ஒரு தலைவர் எப்படிச் செத்தார் என்று கேட்பதே குற்றமா என்று இன்னொரு மறுப்பு வரும். கேட்கத்தான் வேண்டும். 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனைக்குப் போன முதலமைச்சர் ஜெயலலிதாவை டிசம்பர் 5 அன்று அவர் இறக்கும் வரை மாநிலம் பார்க்கவில்லை என்றால், கேள்வி எழாமல் என்ன செய்யும்? ஆனால் கேள்வியையும் அதன் பயன்பாட்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு: கேட்டவர் கையில் பதவி வந்த பிறகும் கேள்வி அதே சூட்டோடு இருக்கிறதா? 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்தார். ஒரு வாரம் கழித்து, பெங்களூரு சிறைக்குப் போகும் வழியில் சசிகலா அதே நினைவிடத்தில் மூன்று முறை கையால் அடித்துச் சபதம் செய்தார். ஏப்ரலில் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவின் சவப்பெட்டி போல ஒன்றைச் செய்து வண்டியில் வைத்துப் பன்னீர்செல்வம் அணியினர் வாக்குக் கேட்டார்கள். அந்தத் தேர்தல் ரத்தாகி டிசம்பரில் மீண்டும் வந்தபோது, வாக்குப்பதிவுக்கு முதல் நாள், மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா இருக்கும் காணொளியை எதிரணியினர் வெளியிட்டார்கள். அந்தத் தேர்தலில் வென்றவர் சுயேச்சையாக நின்ற தினகரன். இடையில் அணிகள் இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். ஜெயலலிதாவின் சாவை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் அமைந்தது. அதன்முன் அவர் வந்து சாட்சி சொன்னது 2022 மார்ச்சில். அப்போது பதவியில் இல்லை. தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை, மக்களின் சந்தேகம் தீரவே விசாரணை கேட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னதாகச் செய்தி வந்தது.

ஜெயலலிதா 2014-ல் பசும்பொன் தேவர் சிலைக்கு 13 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கவசம் கொடுத்திருந்தார். ஆண்டு முழுக்க மதுரையில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், அக்டோபரில் அ.தி.மு.க. பொருளாளர் கையெழுத்துப் போட்டு எடுத்துத் தருவார். ஜெயலலிதா மறைந்து கட்சி உடைந்த பிறகு, பொருளாளர் யார் என்பதே வழக்கானது. ஒருவர் சாவின் வாரிசு யார் என்று தீராததால் இன்னொருவர் நினைவு நாளுக்கான கவசம் பெட்டகத்தில் கிடந்தது. 2022 அக்டோபரில் எடப்பாடி அணியும் பன்னீர்செல்வம் அணியும் சாவி எங்களுக்கே என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போயின. நீதிமன்றம் இரு தரப்புக்கும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்ட வருவாய் அலுவலர் கையெழுத்துப் போட்டுக் கவசத்தை வாங்கிக்கொண்டு பசும்பொன்னுக்குப் போனார்.